நான்காம் ஆண்டு வகுப்பின் காற்று

என் பெயர் புஷ்பவள்ளி, தந்தை பெயர் அப்பளசாமி, வயது 41, ஈஜோக்கில் குடியிருக்கிறேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். என் மகள் ரூபினி எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். சங்கக் கூட்டத்தில் நான் உளவுக் கருவி வைத்ததாகப் பெற்றோர் சங்கத் தலைவர் இருசப்பன் இந்தப் போலீஸ் நிலையத்தில் கொடுத்த புகார் குறித்து இதைச் சொல்கிறேன்.

இவ்வாண்டு அந்த வகுப்புக்கு ஏர்கோன் நன்கொடையாகக் கிடைத்ததும், குளிர் வெளியேறாதிருக்கச் சங்கத்தார் சன்னல்கள்மேல் பலகை அறைந்தார்கள். அதன்பின் பிள்ளைகள் பதினொரு மணிக்கெல்லாம் மேசையில் தூங்கி விழுந்தார்கள், ரூபினி தினமும் தலைவலியோடு வீட்டுக்கு வந்தாள். ஆகவே வகுப்புக் காற்றைச் சோதிக்கும்படி சங்கத்துக்கு எழுதிக் கேட்டேன்.

12.7.2025 சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அதே வகுப்பில், கதவைச் சாத்திக்கொண்டு முப்பது பேர் கூடி அதைப் பற்றிப் பேசினோம். மூச்சுக்காற்று அறையில் எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும் என் சொந்தக் கருவியை எல்லாரும் பார்க்க மேசைமேல் வைத்தேன். அது பேச்சைப் பதிவு செய்யாது. அப்போது 640 காட்டியது. எங்கள் தொழிற்சாலையில் ஆயிரத்தைத் தாண்டினால் கதவைத் திறந்துவிடுவோம்.

பள்ளியில் 43 பிள்ளைகளே இருப்பதாகவும், கெட்ட எண் வெளியே போனால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள், பள்ளியே மூடப்படும் என்றும் இருசப்பன் நெடுநேரம் பேசினார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதன்பின் அவர், “சோதிச்சுத்தான் ஆகணும்னா தேதிய முன்னாடியே சொல்லு தங்கச்சி, அன்னிக்குப் பலகைய கழட்டிச் சன்னல தொறந்து வெச்சிரலாம் லா” என்றார். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் பள்ளியைக் கழுவித் தோரணம் கட்டுவது எங்கள் வழக்கம்.

நான், “தொறந்தா நல்லாயிரும்னு உங்களுக்கே தெரியுதுல்ல அண்ணே, அப்பறம் ஏன் ஒரு நாளைக்கு மட்டும்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்துக் கொட்டாவி விட்டார். மணி 10.50. கருவி 2,710 காட்டியது. வேலம்மா என்ற தாய் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். சோதிக்க வேண்டும் என்று 27 பேரும் வேண்டாம் என்று மூவரும் கை தூக்கினார்கள். அதன்பின் பலகைகளைக் கழற்றினோம்.

திங்கட்கிழமை பாட நேரத்தில் ஆசிரியை முன்னிலையில் அளந்தபோது 780. அன்றிலிருந்து தினசரி எண்ணைப் பள்ளி வாசலில் எழுதி வைக்கிறோம். இன்று 28.7.2025 வரை ஒரு பிள்ளையும் பள்ளி மாறவில்லை.

சான்றுப் பொருளாகக் கருவியைக் கேட்டீர்கள். அது இந்நேரம் நான்காம் ஆண்டு வகுப்பில் வேலையில் இருக்கிறது. பள்ளி விட்டபின் எடுத்துக்கொள்ளலாம், நாளை காலை ஏழரைக்கு முன் திருப்பித் தரவேண்டும்.

எழுதியதைத் தமிழில் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) அ. புஷ்பவள்ளி