ப்ரொஜெக்டருக்கு முன்னால ஒரு ஃபைல்

ஆராய்ச்சியா? அந்தப் படத்தையா? நல்லா இருக்கு போ. அன்னிக்குக் காறித் துப்பினாங்க, இன்னிக்கு நீங்கல்லாம் அதை வெச்சுப் பட்டம் வாங்கறீங்க. உட்காரும்மா. அந்த ஸ்டூல் ஆடும், கட்டில்லயே உட்காரு.

ஆமா, அந்தப் பொண்ணுங்க ஸ்கூல்ல நான்தான் ஆயா. வருஷா வருஷம் சுகாதாரத்துறை வேன் படப்பெட்டியோட வரும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டறது என் வேலை. வாட்ச்மேனைக்கூட கேட்டுக்கு வெளியில நிக்க வெச்சிடுவாங்க, அவரு ஆம்பளையாம்! வீட்ல அஞ்சு பிள்ளை பெத்த மனுஷன்.

படத்துல அப்படி என்ன? முதல்ல பூ, அப்புறம் தேனீ, அப்புறம் கோழிக்குஞ்சு. அதுவரைக்கும் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கம்முனு இருப்பாங்க. பிரசவம் வந்துச்சோ இல்லியோ, எழுந்து போய் லென்ஸுக்கு முன்னால ஃபைலைப் பிடிச்சுக்குவாங்க. திரையெல்லாம் இருட்டு, சத்தம் மட்டும் கேக்கும். குழந்தை வீல்னு கத்தும், இங்க பொண்ணுங்க மிரண்டு போய் அழும். இதுக்குப் பேரு பாடம்! மாசாமாசம் வர்ற வயித்துவலிய வெளியில சொல்லத் தெரியாம பெஞ்சுல சுருண்டு கிடந்ததுங்க அதுங்க.

அப்புறம் காலம் மாறிடுச்சாம். கார்ட்டூன் வந்துச்சு. அதுல மனுஷனுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே வரையல. இப்ப என்னடான்னா, அதே ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா டிவியில உட்கார்ந்துக்கிட்டு, நாங்க அந்தக் காலத்துலயே துணிஞ்சு காட்டினோம்னு பீத்திக்குது. கேக்கறவன் கேனையனா இருந்தா என்ன வேணாலும் பேசலாம் போல.

என்னது, அதுல வர்ற தாய் யாருன்னு தேடறியா? எப்படிக் கிடைப்பா, முகத்துலதான் துணி போட்டு மூடிட்டாங்களே. விரல்ல மோதிரம் பார்த்தியா? அது நர்ஸோடது. கல்யாணமான எவளும் படம் பிடிக்க ஒத்துக்கல. கல்யாணம் ஆகாதவளக் காட்டினா ஊரு கெட்டுப் போயிடுமாம், அதுக்குத்தான் கல்யாண மோதிரம் மாதிரி அதை மாட்டிவிட்டது. காசு வாங்காம பிரசவம் பார்க்கறோம், வாயை மூடிக்கிட்டுப் படுன்னாங்க. எடுத்து முடிச்சதும் சோப்பு போட்டு மோதிரத்தை உருவிக்கிட்டாங்க. குழந்தையையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. என் முகத்துலதான் துணி கிடந்துச்சே, நான் எங்க பார்த்தேன்? பொண்ணா பையனான்னுகூட ஒருத்தரும் சொல்லல.

படத்துலயாவது பார்த்துக்கலாம்னுதான் அந்த ஆயா வேலைக்கே போனேன். அந்தம்மா ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த ஃபைலை இறக்கல, பாவி.

உன் கம்ப்யூட்டர்ல முழுசா இருக்குன்னியே, போடு. இரு இரு, கண்ணாடிய எடுத்துட்டு வந்துடறேன்.