தாழ்ப்பாள் போட்ட கை

அந்தக் கதவைத் தாழ்ப்பாள் போடாதீர்கள். கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்... காரணம் சொல்கிறேன்.

இது என் நண்பன் பத்துமலையின் மச்சான் ஸ்டானிஸ்லாஸுக்கு நடந்தது. ஈப்போவில் தீயணைப்பு வேலை. நாம் பொம்பா என்போமே, அதுதான். 1988. இரவு ஏழரை மணி. பீடோரைத் தாண்டி, மூடிக்கிடந்த பழைய ரப்பர் தோட்டத்துச் செம்மண் சாலை. லாரியில் மூன்று பேர்: பயிற்சி கொடுக்கும் உடையப்பன், ஸ்டானிஸ்லாஸ், சின்னையா. கூடவே ஒரு புதுக் கருவி. புகைக்குள் வெப்பத்தைப் பார்க்கும் கேமரா. சூடானது வெள்ளையாகத் தெரியும். குளிர்ந்தது கறுப்பாக.

பயிற்சி நடந்த இடம், அந்தக் காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்திய புகைவீடு. ஜன்னல் கிடையாது. ஒரே இரும்புக் கதவு. தாழ்ப்பாள் வெளியே.

தோட்டத்துக் காவலாளி சன்னாசி குறுக்கே நின்றார்.

“கதவ மட்டும் சாத்திப்புடாதீங்க தம்பி. தோட்டம் ஓடுன காலத்துல, இங்க வேல செஞ்ச இருளாயி உள்ள இருக்கிறது தெரியாம தாழ்ப்பாள் போட்டுட்டாங்க. விடியிற வரைக்கும் தட்டியிருக்கா. தொண்ட வறண்டே செத்தா... நாங்க உள்ள போறதுன்னா, வாசல்ல குடிக்க ஏதாச்சும் வெச்சிட்டுத்தான் போவோம்.”

உடையப்பன் சிரித்தார். “பேய்க்குக் கோப்பி வேணுமாலா?”

ஸ்டானிஸ்லாஸ் சிரிக்கவில்லை. யாராக இருந்தாலும் தாகம் தாகம்தானே. தன் ஃபிளாஸ்க் மூடியில் கோப்பி ஊற்றி வாசலில் வைத்தார்.

“பாதிரியாரே, சீனி போட்டியா?” என்றார் உடையப்பன்.

உள்ளே ஈர விறகு புகைந்தது. அடிபட்டவன் போல சின்னையா எங்கோ படுத்திருக்க வேண்டும். கேமராவால் தேடி இழுத்து வர வேண்டும். முதுகுப் புட்டியில் இருபது நிமிடக் காற்று.

ஸ்டானிஸ்லாஸ் நுழைந்தார். பின்னால்... கிரீச். டக்.

“நெசமா மாட்டிக்கிட்டா நீ என்ன பண்ணுவேன்னு பாக்கலாம்லா!” வெளியே உடையப்பனின் குரல்.

கேமராவில் மூலையில் சின்னையா. வெள்ளையாக. அவர் பக்கத்தில் ஒன்று... குந்தி உட்கார்ந்திருந்தது. கன்னங்கறுப்பாக. நெருப்பு எரியும் அறையில் சுவரே வெதுவெதுப்பு. அவ்வளவு குளிர்ந்தது எதுவும் அங்கே இருக்க முடியாது.

முகமூடிக்குள்ளும் புளித்த ரப்பர் பால் நாற்றம்.

சின்னையாவின் புட்டி விசிலடித்தது. காற்று தீர்கிறது. அதற்குள்ளா? அவரைக் கதவுவரை இழுத்து வந்து ஸ்டானிஸ்லாஸ் தட்டினார். பதில் இல்லை. உடையப்பன் லாரிக்குப் போய் ரேடியோவைச் சத்தமாகத் திறந்துவிட்டிருந்தார்.

டம்... டம்...

கேமராவில், ஸ்டானிஸ்லாஸின் கை பட்ட இடத்தில் வெள்ளை அச்சு. அதன் பக்கத்தில் இன்னோர் அச்சு விழுந்தது. கறுப்பாக. சின்னக் கை. அதுவும் தட்டியது.

டம்... டம்... டம்...

சின்னையா துவண்டுவிட்டார். ஸ்டானிஸ்லாஸுக்கு ஜெபம்கூட வரவில்லை. வாயில் வந்தது இவ்வளவுதான்: “அம்மா... வெளிய கோப்பி வெச்சிருக்கேன்மா.”

தட்டுவது நின்றது.

பிறகு வெளியே... டக்.

இருவரும் புல்லில் வந்து விழுந்தார்கள். சின்னையா இருமினார். உயிர் இருந்தது. வாசலில் யாரும் இல்லை. மூடி காலி. துடைத்த மாதிரி காய்ந்து கிடந்தது.

உடையப்பன் ஓடி வந்தார். “நான் தொறக்கலையே... யாருடா தொறந்தா?”

ஸ்டானிஸ்லாஸ் கேமராவை அவர் பக்கம் திருப்பினார். முகம் வெள்ளை. கழுத்து வெள்ளை. தாழ்ப்பாள் போட்ட வலக்கை மட்டும், மணிக்கட்டு வரை கறுப்பு.

“கை வெறைக்குதுடா,” என்றார் உடையப்பன்.

அடுத்த மாதப் பயிற்சியில் முழங்கை வரை. தீபாவளிக்குள் தோள் வரை. அதன் பிறகு தன் பக்கம் கேமராவைத் திருப்ப அவர் யாரையும் விடவில்லை.

இன்றும் ஈப்போ பக்கம் புந்தோங்கில்தான் இருக்கிறார். பாவம். ஸ்டானிஸ்லாஸ் சொல்லிக் கொடுத்தபடி, தினமும் இரவு தன் வீட்டு வாசலில் சூடாகக் கோப்பி வைக்கிறாராம். மனமுருகித்தான் வைக்கிறார்.

காலையில் அது அப்படியே இருக்கிறதாம். ஐஸ் கட்டியாக.