அவளுக்காக மிச்சம்பிடித்த நேரம்

படுத்த உடனே தூங்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பொறாமைதான். நான் அந்த ரகம். நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஏன், சுவரில் சாய்ந்து நின்றபடிகூடத் தூங்குவேன். இருபது நிமிடம் போதும். யாரும் எழுப்பாமலே கண் திறந்துவிடும்.

இது பிறவியில் வந்ததில்லை. ஒரு பெரிய சலவை ஆலையில் பாய்லர் பார்க்கிற வேலை எனக்கு. நீராவி ஏறுகிறதா இறங்குகிறதா என்று முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஷிப்டு மாறி மாறி வரும். நீளமாகத் தூங்க வழியில்லாமல் தூக்கத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டேன். முதலில் பேயறைந்தவன் போலத் திரிந்தேன். பிறகு பழகிவிட்டது. ஊரெல்லாம் கட்டையாகக் கிடக்கும் நேரம் எனக்கு மிச்சமானது. அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் கையில் இருந்தது.

என் மனைவி நேர் எதிர். தூக்கத்துக்கே வாக்கப்பட்டவள். பிறந்த வீட்டில் அவளுக்குக் கும்பகர்ணி என்றுதான் பெயர். அழகு நிலையத்தில் நாள் முழுக்க நின்று முடி வெட்டிவிட்டு வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் தூங்கிப்போவாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கூப்பிட்டால் பதில் வராது. அது எனக்குப் பிடித்ததே இல்லை. வெளியே சொல்லிக்கொண்டதும் இல்லை.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். “மருந்து கேக்குதான்னு பாப்போம். ஒரு வருஷமும் இருக்கலாம், பத்து வருஷமும் இருக்கலாம். நல்லா சாப்பிடட்டும், நல்லா தூங்கட்டும்” என்றார் டாக்டர். என் காதில் ஒரு வருஷம் என்பது மட்டும்தான் விழுந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மிச்சமிருக்கிற ஒரு வருஷத்தில் மூன்றிலொரு பங்கு இப்படியே போய்விடும் என்று அப்போது தோன்றியது. யாராக இருந்தாலும் தோன்றியிருக்கும்.

என்னைப் போல மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை இருபது நிமிடம் மட்டும் தூங்கிப் பழகு என்று வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

“உங்க பைத்தியத்தை எனக்கும் ஒட்ட வைக்கப் பாக்கறீங்களா?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, உங்களுக்காக ஒரு வாரம் பாக்கறேன்” என்றாள்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் சம்மதம் இல்லாமல் நான் தொடங்கவில்லை.

ஆரம்பம் நன்றாகவே இருந்தது. சீட்டு விளையாடினோம். அழகு நிலையத்துக்கு வருகிற பெண்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொல்கிற பொய்களையெல்லாம் நடித்துக் காட்டினாள். நாலைந்து நாளில் கையிலிருந்து சீட்டு நழுவ ஆரம்பித்தது. தோளைத் தொட்டு எழுப்பினேன்.

“எமன்கூட ஒரு தடவைதான் வருவான். நீங்க மூணு மணி நேரத்துக்கொரு தடவை வர்றீங்க” என்றாள்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு அவள் வேடிக்கையாக எதுவும் சொன்னதாக நினைவில்லை.

வாரம் முடிந்ததும், “போதுங்க, இன்னிக்கு நான் தூங்கறேன்” என்றாள். இப்போது விட்டால் இதுவரை பட்ட கஷ்டமெல்லாம் வீண் என்று எடுத்துச் சொன்னேன். நான் குரலை உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. ஆலையில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் கூடவே இருந்தேன். முகத்துக்கு ஈரத் துண்டு, பிறகு கையைப் பிடித்து அறைக்குள் நடத்துவது. அவ்வளவுதான். படுக்கையைப் பார்த்தால் அவளுக்கு ஆசை வந்தது. அதனால் கட்டிலைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, முதுகு நேராக நிற்கும் மர நாற்காலி ஒன்றைப் போட்டேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை வேளை தவறாமல் கொடுத்தேன். வலி மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டியிருந்தது. அதைப் போட்டால் தூக்கம் ஆளை அள்ளிக்கொண்டு போய்விடும். “உள்ள யாரோ பிசையற மாதிரி இருக்குங்க, ஒரே ஒரு மாத்திரை குடுங்க” என்று கேட்டாள். கொடுக்கவில்லை. வலி இருக்கும்போது ஈரத் துண்டு தேவைப்படவில்லை என்பதையும் கவனித்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அவள் தங்கை வந்தாள். என் மனைவிக்கு அவளைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

“அக்கா, நான்தான். ஏன்க்கா இப்படி ஆயிட்ட?” என்று அவள் கையைப் பிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “மாமா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அவளை ஒரு நாள், ஒரே ஒரு நாள் தூங்க விடுங்க. நான் கூட இருந்து பாத்துக்கறேன்” என்றாள்.

“அவ தூங்கிட்டா நீ யார்கூடப் பேசுவ?” என்று கேட்டேன்.

நியாயமான கேள்விதான்.   மைத்துனியை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அவளிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று உண்டு என்பதால் பூட்டை மாற்றினேன்.

அதன் பிறகு வீடு அமைதியாக இருந்தது. ஒரு நாள் காலையில் ஈரத் துண்டோடு போனபோது அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். நான் எழுப்பாமலே விழித்துவிட்டாள். எனக்கு வந்ததுபோல அவளுக்கும் கடைசியில் பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன்.

நீங்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். எவ்வளவு நேரமாக என்று கேட்டீர்கள். முந்தின நாளிலிருந்து இருக்கலாம். மைத்துனி ஓடி வந்து அவள் கண்களை மூடினாள். அவளைத் தடுக்கப் போனேன், உங்கள் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது, மருந்து நன்றாகவே கேட்டிருக்கிறது, உடம்புதான் தாங்கவில்லை என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னாராம். சரி. நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுக்கப் போவதில்லை. எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

அத்தனை நேரம் கிடைத்ததே, இரண்டு பேரும் என்னதான் பேசினீர்கள் என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். நான் நிறையப் பேசினேன். அவள் “தூக்கம் வருதுங்க” என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.