கையில் நின்ற பாதம்

ஏலக்காய் பிரிக்க நல்ல வெளிச்சம் வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதற்காகத்தான் போடி கடைத்தெருவில் எங்கள் கடையின் பின்கட்டில், கூரை ஓடுகளுக்கு நடுவே கண்ணாடி பதித்தோம். காலை வெயில் நேராக முறத்தில் விழும். பெண்கள் முழங்கைக்குக் கீழே வளையல்கூட இல்லாமல் உட்கார்ந்து, நிறம் கெடாத காயைத் தனியாகவும் வெளுத்ததைத் தனியாகவும் பிரிப்பார்கள். விருதுநகர் வியாபாரிகள் காயைப் பார்க்கும் முன் அந்தக் கைகளைத்தான் பார்ப்பார்கள்.

வெளியே தெரியும்படி பச்சை குத்தியவர்களுக்கு என் கடையில் வேலை இல்லை. என் கணவர் ராஜமணி காலமான பிறகு நான் வைத்த ஒழுங்கு அது. உடம்பில் அடையாளம் குத்தலாகாது என்று வேதத்தில் இருக்கிறது. மற்றபடி, கிருபாவதியம்மாள் கடுமையானவள் என்று இந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். காய்ச்சல்காரிக்குக் கஞ்சி கொடுத்து அனுப்புவேன். பரட்டைத் தலையோடு வந்தவளுக்கு எண்ணெய் கொடுப்பேன். சிறிய தயவுகளை ஆண்டவர் மறப்பதில்லை என்று நம்புகிறவள் நான்.

மாயக்காள் மேகமலையில் துரை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்தவள். மலைக்காய்ச்சல் அவள் புருஷனையும் கைக்குழந்தையையும் கொண்டுபோயிருந்தது. என்னிடம் காய் பிரிக்கும் ஜக்கம்மாதான் வேலை கேட்டு அவளை அழைத்து வந்தாள். கையை நீட்டச் சொன்னேன். இடது முன்கையின் உட்புறத்தில் ஒரு குழந்தையின் பாதம், பச்சைப் புள்ளிகளால்.

"அடி ஆத்தே, கையில கால வச்சிருக்காளே! இவ எதுலதான் நடப்பா?" என்று ஜக்கம்மா சிரித்தாள்.

மாயக்காளும் சிரித்தாள். "எம்மக நடை பழகுமுன்ன போயிட்டாம்மா. மண்ணுக்குக் குடுக்குமுன்ன அவ கால்ல கரியத் தடவி இதுல ஒத்திக்கிட்டேன். குறத்தி அதுமேலயே குத்திவிட்டா. நாளைக்குச் செத்தா தோடு தொங்கட்டானெல்லாம் கழட்டிருவாக. இத யாராலயும் கழட்ட முடியாதும்மா."

முடியும் என்று எனக்குத் தெரியும்.

எனக்கும் ஒரு பெண் பிறந்து, பல் முளைக்கும் முன் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் அவளுக்குச் சிலுவை வைத்திருக்கிறோம். முகம் நினைவில் நிற்கவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்; அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒழுங்கை எடுத்துச் சொன்னேன். "துணி சுத்திக்கிறேம்மா," என்றாள். துணிக்குள் திருட்டுக் காய் ஒளியும் என்றேன். "மலைக்குத் திரும்பிப் போகமாட்டேன். அங்கன ரெண்டு குழி கெடக்கு. என்ன செய்யணுமோ சொல்லுங்க," என்று அழுதாள்.

தங்கம் சுத்தம் செய்யும் திராவகத்தை ஆசாரியிடம் நானே வாங்கி வந்தேன். முதலில் அவளுக்குச் சோறு போட்டேன். பிறகு ஜெபம் செய்தேன். பக்கத்துத் தோல் வீணாகக் கூடாதே என்று, கோழி இறகின் நுனியால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டேன். அந்தப் பாதத்தின் விரல்கள் போயின. உள்ளங்கால் போயிற்று. "குதிகால் மட்டும் இருக்கட்டும்மா. பாத்தா மச்சம்னு நெனப்பாக," என்று கெஞ்சினாள். ஒருத்திக்காகத் தளர்த்தினால் ஒழுங்கு ஒழுங்காக இருக்காது. அவள் தலையைத் தடவிக்கொண்டே குதிகாலையும் தொட்டேன்.

மறுநாள் அவளை வேலையில் வைத்துக்கொண்டேன். வாக்குத் தவறுகிறவள் இல்லை நான்.

புண் ஆறவில்லை. "அம்மா, கை நாத்தமெடுக்குது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவோம்," என்று ஜக்கம்மா சொன்னாள். வேண்டாம் என்றேன். யார் ஊற்றியது என்று டாக்டர் கேட்பார். மாயக்காளுக்குப் பொய் சொல்ல வராது. அவளைப் பாவத்தில் மாட்டிவிட எனக்கு மனமில்லை. என் வீட்டிலேயே பாய் விரித்துப் படுக்கவைத்தேன். வேப்பெண்ணெய் தடவினேன், கஞ்சி ஊட்டினேன். ரணஜன்னி கண்டு தாடை இறுகத் தொடங்கியபோது, பல்லிடுக்கு வழியாக அவள் ஒன்று கேட்டாள்: "செத்து அங்கன போனா எம்மகளுக்கு என்னைய எப்பிடிம்மா அடையாளம் தெரியும்?"

ஆண்டவருக்குத் தெரியும் என்றேன். அது குழந்தைக்குத் தெரிவதாகாது என்பது எனக்கும் புரிந்தது. அதன் பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. அப்போதும் நான் வண்டி கட்டச் சொல்லவில்லை. அவளைச் சாகடித்தது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்கத்துக்கு முன் ஜக்கம்மா விளக்குக் கரியைத் தொட்டு, மாயக்காளின் வலது கையில் ஒரு பாதம் வரைந்தாள். கண்ணீரில் கரி கரைந்து பாதம் பெரிதாகிவிட்டது. அளவு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அளவு தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

ஜக்கம்மாவின் முகவாயில் மூன்று பச்சைப் புள்ளிகள் இருக்கின்றனவே, அவள் எப்படி இத்தனை வருஷம் என் கடையில் இருக்கிறாள் என்று கேட்கிறீர்கள். நான் அதைக் கவனித்ததே இல்லை, ஐயா. அது யாருடைய பாதமும் இல்லையே.