பங்காவுக்கு இடம்

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் திருமானூரிலிருந்து அரியலூர் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒருத்தி தன் தங்கையிடம் பொருமினாள்.

"ஒரு பங்காவுக்காக எஞ் சமையக்கட்டை இடிச்சுட்டாரு எம் மாமனாரு."

"என்னக்கா சொல்ற?"

"திருச்சியில தொரை பங்களாவுல தொங்குன பங்காடி, நீளக் கட்டையில துணி தொங்கும், காத்து வரக் கயிறு கட்டி இழுக்குறது. ரூமை அளக்காம ஏலத்துல எடுத்துட்டு வந்துட்டாரு. இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும் நடுவுல அடங்கல."

"கட்டையை ரெண்டு சாண் அறுத்தா ஆச்சு."

"தச்சரும் அதைத்தான் சொன்னாரு. மாமனாருதான், தொரை தலைக்கு மேல ஆடுனதை அறுக்கக் கூடாதுன்னாரு. சுவத்தை இடிங்கன்னுட்டாரு. சுவத்துக்கு அந்தாண்ட என் அடுப்பு. இப்ப மாட்டுக் கொட்டாயில சமைக்கிறேன்."

"காத்தாவது வருதா?"

"இழுக்க ஆளு எங்க இருக்கு? எல்லாரும் அறுப்புக்குப் போயிட்டாங்க. வூட்டு மாப்பிள்ளை, எம் நாத்தனா புருசனுக்குன்னுதான் வாங்குனாரு. அவரு வேப்பமரத்தடியில கட்டிலைப் போட்டுட்டாரு. மாமனாரும் அங்கதான் படுக்குறாரு."

"அப்ப சமையக்கட்டைத் திருப்பிக் கேக்குறதுதானே?"

"கேட்டேன். பங்காவை எங்க மாட்டுறதுன்னு என்னையே கேக்குறாரு."