இரண்டாம் முறை வென்ற ரோஸ்லின்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எங்கள் ஆய்வுக்கூடத்து மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பேராசிரியர் முனைவர் ரோஸ்லின் மறைந்துவிட்டார். பனித்திட்டு கிராமத்தில் பிறந்து எங்கள் ஆய்வுக்கூடத்தையே ஆண்ட அம்மையார் மறைந்துவிட்டார்! அழத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் அவரோடு காலமெல்லாம் சண்டை போட்ட தோழி கல்பனா சொல்கிறேன்: ரோஸ்லின் ஜெயித்துவிட்டுத்தான் போனார்!

எதில் ஜெயித்தார்? நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது! சினைப்பை நீர்க்கட்டி, பிசிஓஎஸ் என்கிறார்கள் டாக்டர்கள். ஊரோ, "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டுக் கேட்டே கொல்கிறது. அந்தப் பெண்களுக்காகப் புறப்பட்டவர் ரோஸ்லின். மஞ்சளின் குர்குமின் சத்தைச் சும்மா விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. அதைக் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களில் ஏற்றி, சோதனைக்காக அந்த நோய் வரவழைக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தார்.

முதல் ஆய்வு முடியும் நேரம். தனக்குப் புற்றுநோய் என்று அவர் அறிந்திருந்த நேரமும் அதுதான். எலிகள் தேறி வந்தன; நாங்கள் துள்ளிக் குதித்தோம். அப்போது எலிகளைப் பராமரிக்கும் நடேசன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், மாட்டுப் பொங்கலன்று எல்லாக் கூண்டுக்கும் சர்க்கரைப் பொங்கல் வைத்தாராம்!

"இன்னாம்மா, அதுங்களும் வாயில்லா ஜீவன்தானே? நல்ல நாளும் அதுவுமா வெறும் தீனியப் போட மனசு வரல."

வெல்லமும் நெய்யும் உள்ளே போனபின், நடந்ததெல்லாம் மருந்தின் வேலைதான் என்று யார் அடித்துச் சொல்வது? பொங்கல் வைத்த விஷயம் வெளியே ஒருவருக்கும் தெரியாது. "விட்டுடு ரோஸ்லின், ஒனக்கு ஏது நேரம்?" என்று கெஞ்சினேன். என்ன சொன்னார் தெரியுமா?

"பொய்ய வச்சி பொண்ணுங்களுக்கு மருந்து செய்யச் சொல்றியாடி? மொதல்லேருந்து ஆரம்பி!"

நடேசனைத் திட்டினாரா? "எலிக்கு வச்சியே, எனக்கு ஒரு வாய் வச்சியாபா?" என்று கேட்டார்! அந்த மனசு யாருக்கு வரும்?

மறுபடி புது எலிகள், மறுபடி சோதனை. அவரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில். முடிவு வந்ததும் ஓடினேன். "மருந்து குடுத்ததுங்களுக்குக் கட்டி கொறைஞ்சிடுச்சு, சுழற்சி சரியாயிடுச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"குடுக்காததுங்க?"

"அப்படியேதான் கெடக்குதுங்க."

"அப்ப மருந்துதான்டி வேல செஞ்சிருக்கு! ஜெயிச்சிட்டோம்டி!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் அழுதேன், அவர் சிரித்தார்.

சற்றுமுன் குருவிநத்தம் வள்ளியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மருந்த எம் பொண்ணுக்குக் கொஞ்சம் குடும்மா" என்றார். வள்ளியம்மா, எலிக்கு ஆனது உங்கள் மகளுக்கும் ஆகுமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. தெரியாமல் தந்தால் ரோஸ்லின் என்னை மன்னிக்க மாட்டார். அடுத்த கட்ட ஆய்வை நாங்கள் தொடங்குகிறோம். இந்தச் சபையறிய உறுதி சொல்கிறேன்: அவசரப்பட்டுக் கொடுக்க மாட்டோம்! கொடுக்காமல் ஓயவும் மாட்டோம்!