மேஜைமேல் வைத்த தாலி

அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை சார், பார்த்து உட்காருங்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி விழுந்தார் என்றால் அதற்கும் நான்தான் அறிக்கை எழுத வேண்டும்.

அம்சா உட்கார்ந்ததும் அதில்தான். எழுபத்துநாலாம் வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். மலையடிவாரத்து இந்தப் புறக்காவல் நிலையத்துக்கு நான் ஏட்டு. மந்திரி வருகிறார் என்று சுவரில் ‘தாய்க்குலத்தைக் காப்பது அரசின் கடமை’ என நீலத்தில் எழுதியிருந்தோம். ஈரம் காயவில்லை. அவள் சாய்ந்ததில் ‘கடமை’ முழுக்க ரவிக்கையில் அப்பிக்கொண்டது. எனக்கு வருத்தம்தான். மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிற வீட்டுப் பெண். கஜபதி என்பவன் மலைமேல் கோயிலில் தாலி கட்டி நான்கு நாள். ரயிலடியில் அவன் யாரோ ஒரு ஆளிடம் இவளுக்கு விலை பேசியதைக் கேட்டு ஓடி வந்துவிட்டாள்.

“பம்பாய்ல குடித்தனம்னான் சார். விக்கறதுக்கு இட்டுகினு போறான். என்னை எங்க நைனாகிட்ட அனுப்பிடுங்க.”

“கட்டின புருஷனாச்சேம்மா.”

“இதானே சார் புருஷன்?” என்று தாலியைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தாள். “நீங்கதான சர்க்காரு. நீங்களே வெச்சிக்குங்க.”

டீ வாங்கிக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கஜபதி நிதானமாக வந்தான். கையில் கல்யாணப் போட்டோ. இங்கே மலைமேல் தாலி கட்டுவார்கள், இறங்கியதும் போட்டோ எடுப்பார்கள். போட்டோ இருந்தால் குடும்பம். குடும்பத்துக்குள் போலீஸ் நுழையலாமா? அந்த வருஷம் அவன் எனக்குக் காட்டிய மூன்றாவது போட்டோ அது. அதே மாப்பிள்ளை, அதே ஜரிகை அங்கவஸ்திரம், பெண்கள்தான் வேறு வேறு. கவனித்தேன். கவனிக்கவில்லை என்றால் என் உத்தியோகத்துக்கு அவமானம்.

“சின்னப் பொண்ணு ஏட்டய்யா, கோச்சிக்கினு வந்துட்சி” என்றான்.

அவனிடம் ஒரு பீடிகூட வாங்கியதில்லை. ஆனால் கடத்தல் வழக்கு என்றால் ரேணிகுண்டா, பம்பாய் என்று அலைய வேண்டும். எனக்கு முழங்கால் வலி. மந்திரி வருகிற வாரத்தில் மேலிடமும் முகம் சுளிக்கும். ‘குடும்பத் தகராறு, சமாதானம்’ என்றால் ஒரு வரியில் முடிந்தது.

எதிரே அவள் ஊர்ப்பக்கம் போகிற ஆர்.கே.பேட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறப்பட ஹாரன் அடித்ததும் எழுந்து ஓடினாள். விழுந்துவைக்கப் போகிறாளே என்று என் கான்ஸ்டபிள்கள் இருவரும் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

சமாதானம் என்றால் முறையாகச் செய்ய வேண்டாமா? பெரியவனாக நான்தான் தாலியை மேஜையிலிருந்து எடுத்துக் கஜபதி கையில் கொடுத்தேன். கான்ஸ்டபிள்கள் கையை எடுக்குமுன் மூன்று முடிச்சையும் போட்டுவிட்டான். பம்பாய் ரயிலில் நாங்களே இடம்பிடித்து ஏற்றினோம்.

மூன்று வருஷம் கழித்து அவளை அங்கே மீட்டிருக்கிறார்கள். தன்னை விற்றவர்களில் முதல் பெயராக என்னைத்தான் மனுவில் எழுதியிருக்கிறாளாம். எழுதட்டும். எனக்குப் பெண் குழந்தை இல்லை சார். தாலி எடுத்துக் கொடுக்கும் பாக்கியம் அன்றைக்குத்தான் கிடைத்தது. ஆசீர்வாதம்கூடப் பண்ணினேன். அவள் ஏன் காலில் விழவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.